கேம்பஸ் ஆர்ட் கேலரி யாருக்கு? மூணு வருஷம் கழிச்சு உள்ள போனவனோட டவுட்

#1 மழைக்கு ஒதுங்கியவன்

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். எங்க யுனிவர்சிட்டில லைப்ரரி பக்கத்துல ஒரு சமகால கலை கேலரி இருக்கு, கண்ணாடிக் கதவு, உள்ள வெள்ளைச் சுவர், வெளியிலேருந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும். தினமும் ரெண்டு தடவை அதைத் தாண்டித்தான் போறேன், ஒரு நாள் கூட உள்ள போனதில்ல. போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல, ஆனா அது நமக்கு இல்லங்கற மாதிரி ஒரு நெனப்பு. போன வாரம் செம மழை, குடை இல்ல, ஒதுங்க வேற எடம் கெடைக்காம உள்ள போயிட்டேன்.

முதல் ரூம்ல பெரிய பெரிய போட்டோ, பாத்துட்டு நகந்துட்டேன். ரெண்டாவது ரூம்ல ஒரு பழைய ஸ்டாண்டு ஃபேன் மட்டும் எடதும் வலதுமா திரும்பிட்டிருக்கு, அதுக்கு முன்னாடி மேலேருந்து ஒரு சிவப்பு நூல் தொங்குது, காத்து பட்டா ஆடுது, ஃபேன் அந்தப் பக்கம் திரும்பினா மெதுவா நிக்குது, பின்னாடி சுவத்துல நிழல். பக்கத்துல ஒட்டின பேப்பர்ல "இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான வெளியைக் கேள்விக்குட்படுத்தும் ஒரு தலையீடு"ன்னு போட்டிருந்துச்சு. நாலு தடவை படிச்சேன், இதுக்கு ஃபேனே தேவலைன்னு ஃபேனைப் பாக்க ஆரம்பிச்சேன்.

பாத்துட்டே இருக்கும்போதுதான் காதுல விழுந்துச்சு. ஃபேன் வலது கோடிக்குப் போய்த் திரும்பறப்போ 'டக்'னு ஒரு சத்தம். ஒவ்வொரு சுத்துக்கும். எடது கோடில இல்ல. ஒண்ணு கியர்ல பல்லு போயிருக்கு, இல்லன்னா கிரீஸ் காஞ்சிருக்கு. அங்க காவலுக்கு உக்காந்திருந்த பொண்ணுகிட்ட (அவங்களும் ஸ்டூடண்ட்தான், பார்ட் டைம்) "இந்த ஃபேன் சீக்கிரம் படுத்துரும் போலருக்கே"ன்னேன். அவங்க ரொம்ப மரியாதையா "அது படைப்போட ஒரு பகுதிங்க"ன்னாங்க. சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

என் கேள்வி ரெண்டு. அந்த டக் நெஜமாவே படைப்பா, இல்ல ரிப்பேரா, அதை எப்படிக் கண்டுபிடிக்கறது? அடுத்தது, ஒரு யுனிவர்சிட்டி எதுக்கு இப்படி ஒரு கேலரிய வெச்சிருக்கு? எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு லேத் (இரும்பு கடையற மெஷின்) ரெண்டு வருஷமா ஓடல.

#2 மூணாம் பெஞ்ச்

அந்த லேத்தைத் தூக்கிட்டுப் போய் மூணாவது ரூம்ல வெச்சு "இயக்கத்தின் மரணம்"னு பேப்பர் ஒட்டிருங்க. ரிப்பேர் பண்ணாததுக்கே பாராட்டு வரும்.

#3 கணக்குப்பிள்ளை

ஜோக்கு இல்ல, நான் சீரியஸாவே கேக்கறேன். ஒரு ரூமை நாள் பூரா ஏசில வெக்கணும், ஆள் போடணும், இன்சூரன்ஸ் கட்டணும், உள்ள வர்றது மழைக்கு ஒதுங்கறவங்க. எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் இத்தனை பேர் படிச்சாங்க, இத்தனை பேப்பர் வந்துச்சுன்னு கணக்கு காட்டணும், கேலரிக்கு மட்டும் யாரும் கணக்கு கேக்கறதில்ல, கேட்டா நமக்கு ரசனை இல்லன்னு ஆயிடும். அந்த பயத்துலதான் பாதி பேர் வாய மூடிட்டிருக்காங்க.

#4 சுவரும் ஆணியும்

தம்பி, நான் பதினோரு வருஷமா இந்த வேலைலதான் இருக்கேன். படம் மாட்டறது, பெட்டி பிரிக்கறது, ப்ரொஜெக்டர் செட் பண்றது, ஷோ முடிஞ்சா சுவத்து ஓட்டையெல்லாம் அடைச்சு மறுபடி வெள்ளை அடிக்கறது. அதனால முதல் கேள்விய நான் எடுத்துக்கறேன், ரெண்டாவதைப் படிச்சவங்க பாத்துக்கட்டும்.

ஒரு படைப்பு வந்து எறங்கினதும் பெட்டியத் தொறந்து கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுவோம். எங்க கீறல், எங்க பெயின்ட் உரிஞ்சிருக்கு, எந்த மூலை நசுங்கியிருக்கு, எல்லாம் போட்டோவோட. திருப்பி அனுப்பும்போது இன்னொண்ணு. ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா யார் தலைல விழணும்ங்கறதுக்குத்தான் அது. இன்சூரன்ஸும் அப்படித்தான், படம் குடுத்தவங்க சுவத்துலேருந்து கழட்டின நிமிஷம் தொடங்கி திரும்ப அதே சுவத்துல மாட்டற வரைக்கும், எங்க பேச்சுல ஆணிக்கு ஆணி.

ஆனா ஓடற பொருளுக்கு போட்டோ பத்தாது. உங்க ஃபேனையே எடுத்துக்கங்க, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துல ஆறு நாள், எட்டு வாரம் ஷோன்னா 384 மணி நேரம் ஓடணும், வீட்டு ஃபேனுக்கு அது ஒண்ணும் பெருசில்ல, ஆனா பழைய ஃபேனுக்குப் பெருசு. அதனால விவரமான எடமா இருந்தா வர்றப்பவே சத்தத்தோட ஒரு வீடியோ எடுத்து வெச்சுப்பாங்க, ஆர்ட்டிஸ்ட்கிட்ட ஒரு பக்கமாவது எழுதி வாங்கிப்பாங்க. ஃபேன் நின்னா என்ன பண்ணணும்? இதே மாடல்தான் வேணுமா, எதுவா இருந்தாலும் சரியா? உங்களுக்கு முக்கியம் ஃபேனா, காத்தா, நூலா? இந்த மூணு கேள்விக்கு பதில் இருந்தா உங்க டக்குக்கும் பதில் இருக்கும்.

இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. கொரியால நாம் ஜூன் பைக்னு ஒரு வீடியோ ஆர்ட்டிஸ்ட் 1988-ல செஞ்ச ஒரு கோபுரம், 1003 பழைய பிக்சர் ட்யூப் டிவி, 2018-ல அதை நிறுத்தியே வெச்சுட்டாங்க, டிவியெல்லாம் ஒண்ணொண்ணா சாக ஆரம்பிச்சதால. நாலு வருஷம் கழிச்சு 2022-ல திரும்ப ஓட விட்டாங்க, சரி பண்ண முடியாத 266 டிவிக்கு உள்ள எல்சிடி போட்டு. இப்ப அது அதே படைப்பா வேறயான்னு கேட்டா எங்காளுங்களுக்குள்ளயே சண்டை வரும்.

காவலுக்கு இருந்த பொண்ணைக் கோவிச்சுக்காதீங்க. அவங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கறது "தொடாதீங்க", "அது படைப்புதான்" இந்த ரெண்டு வசனம்தான். நீங்க ஒரு மெயில் போடுங்க, சத்தம் எந்தக் கோடில, எப்பலேருந்துன்னு தெளிவா எழுதுங்க. நான் அங்க வேலைல இருந்தா அப்படி ஒரு மெயில் வந்த நாளை நோட்டுல குறிச்சு வெச்சிருப்பேன்.

#5 வண்டல்

ஓவியம் சொல்லித் தர்றவ நான், அதனால ரெண்டாவது கேள்வி என் தலைல.

யுனிவர்சிட்டிக்குள்ள மியூசியம்ங்கறது புதுசே இல்ல, ஆக்ஸ்ஃபோர்டுல அஷ்மோலியன் 1683-லயே தொறந்துட்டாங்க. ஆனா பழைய பொருளை வெச்சுக் காப்பாத்தற மியூசியம் வேற, நேத்து செஞ்சதைக் கொண்டாந்து வெக்கற கேலரி வேற. முதல்ல சொன்னது களஞ்சியம் மாதிரி. ரெண்டாவது உங்க லேப் மாதிரிதான், எது நிக்கும் எது விழும்னு தெரியாமலேதான் வெப்பாங்க. சிகாகோ யுனிவர்சிட்டில 1915-ல ஆரம்பிச்ச ரினைசன்ஸ் சொசைட்டின்னு ஒண்ணு இருக்கு, சொந்தமா ஒரு கலெக்‌ஷனே கிடையாது, ஷோ முடிஞ்சா சுவர் காலி. வெச்சிருக்கறதுக்கு ஒண்ணுமில்லாததால பயமும் இல்ல, பெரிய மியூசியம் தொடத் தயங்கினவங்களையெல்லாம் முன்னாடியே காட்டியிருக்காங்க.

அதே மாதிரி பென்சில்வேனியா யுனிவர்சிட்டியோட ஐசிஏ-ங்கற சமகால கலை கேலரி, 1963-ல தொடங்கினது. சூப் டின்னை வரைஞ்சு பேர் வாங்கின ஆண்டி வார்ஹோலுக்கு மியூசியம்னு சொல்லக்கூடிய எடத்துல முதல் தனிக் கண்காட்சி நடந்தது அங்கதான், 1965-ல. தொறந்த அன்னிக்கு வந்த கூட்டத்துல படம் நசுங்கிரும்னு சுவத்துலேருந்து படத்தையெல்லாம் கழட்டிட்டாங்க, வெறும் சுவரைப் பாக்க அத்தனை பேர் நின்னாங்க! அன்னிக்கு ஒரு கணக்குப்பிள்ளை சூப் டின் படத்துக்கு எவ்வளவு செலவுன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க. (கோவிச்சுக்காதீங்க சார், பேர் அப்படி வெச்சிருக்கீங்க.)

அந்த சுவத்துப் பேப்பருக்கு மட்டும் நானும் உங்க கட்சி. "கேள்விக்குட்படுத்தும் தலையீடு"ன்னு எழுதறவங்களை ஒரு வாரம் அந்த ரூம்லயே உக்கார வெக்கணும். வர்றவங்க முகத்தைப் பாத்துட்டு எழுதினா வேற மாதிரி எழுதுவாங்க.

#6 டாக்டர் தூக்கமில்லை

நடுராத்திரி ட்யூட்டிலேருந்து. ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டு ஓடிர்றேன். அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸை அங்கயே இருக்கற கலை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு படத்து முன்னாடி நிக்க வெச்சு, என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுவாங்க, அர்த்தம் சொல்லக் கூடாது. அதனால நோயாளியப் பாத்து கவனிக்கறது நல்லாகுதான்னு சோதிச்சு 2001-ல ஜாமாங்கற மெடிக்கல் ஜர்னல்ல பேப்பரே வந்துச்சு, நல்லாகுதுன்னுதான் முடிவு. அது பழைய ஓவியங்கள்தான், சமகாலம் இல்ல, ஆனா விஷயம் அதேதான்.

அதே 2001-லதான் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்துல ஒரு படத்துக்கு முன்னாடி ஜனங்க எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு பாத்த ஆய்வும் வந்துச்சு. சராசரி 27 செகண்ட், மீடியன் 17, அதாவது பாதி தடவை அதுக்கும் கம்மி. பெரிய பெரிய ஓவியத்துக்கே அவ்வளவுதான். OP (இழைய ஆரம்பிச்சவர்) அந்த ஃபேன் முன்னாடி எவ்வளவு நேரம் நின்னீங்க?

#7 மழைக்கு ஒதுங்கியவன்

நாப்பது நிமிஷம் இருக்கும் டாக்டர். மழை நிக்கல.

#8 மூணாம் பெஞ்ச்

டாக்டர் OP-ங்கறதை இங்கிலீஷ்ல போட்டுட்டீங்க, இந்த ஃபோரத்தை மேய்க்கற இழைக்காவல் வந்து திட்டப் போறாரு.

#9 கணக்குப்பிள்ளை

வண்டல் மேடம், கோவமெல்லாம் இல்ல, ஆனா நீங்க ஜெயிச்ச கதையா எடுத்து வெக்கறீங்க. வார்ஹோல் ஒருத்தர், அவர் மாதிரி காட்டப்பட்டு காணாமப் போனவங்க எத்தனை பேர். சரி அதை விடுங்க. சேத்து வெச்ச கலெக்‌ஷன் இருக்கற கேலரியப் பத்திப் பேசுவோம். கட்டடம் ஒழுகுது, ஃபீஸ் ஏறுது, அண்டர்கிரவுண்டுல கோடிக்கணக்குல படம் தூங்குது. அதுல ரெண்டை வித்தா என்ன குத்தம்? வீட்ல கஷ்டம்னா நகைய விக்கறதில்லையா?

#10 வண்டல்

வித்துப் பாத்திருக்காங்க சார், அதான் சொல்ல வந்தேன்.

அமெரிக்கால பிராண்டைஸ் யுனிவர்சிட்டி 2009 ஜனவரில, பொருளாதாரம் விழுந்த நேரம், தன்னோட ரோஸ் ஆர்ட் மியூசியத்தை மூடி கலெக்‌ஷனை வித்துர்றோம்னு அறிவிச்சுது. மாணவர்கள் போராட்டம், குடுத்த குடும்பத்துக்காரங்க கேஸ், 2011-ல சமாதானம், விக்கல. மியூசியம் இன்னிக்கும் இருக்கு. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல அந்த யுனிவர்சிட்டிக்கு யார் நம்பி ஒரு படம் குடுத்திருப்பாங்க?

இன்னொண்ணு வர்ஜீனியால ராண்டால்ஃப் காலேஜ். அவங்ககிட்ட ஜார்ஜ் பெல்லோஸ் 1912-ல வரைஞ்ச ஒரு துறைமுகக் கூலிக்காரங்க படம் இருந்துச்சு. அதை 2014-ல லண்டன் நேஷனல் கேலரிக்கு 25.5 மில்லியன் டாலருக்கு வித்துட்டாங்க. பெரிய தொகைதான். ஆனா 1920-ல அந்தப் படத்தை காலேஜுக்கு வாங்கினது யாருன்னு பாருங்க, அப்ப அது பொண்ணுங்க காலேஜ், மாணவிங்களும் அந்த ஊர்க்காரங்களும் காசு சேத்து 2500 டாலர் குடுத்து வாங்கினது. நகைன்னு சொன்னீங்களே, அது நிர்வாகத்தோட நகை இல்ல சார், பேத்திங்களுக்குன்னு பாட்டிங்க சேத்து வெச்சது. வித்ததுக்கு மியூசியம் டைரக்டர்களோட சங்கம் ஒண்ணு, அந்த காலேஜ் மியூசியத்துக்கு படம் கடன் குடுக்கறதை நிறுத்தச் சொல்லி தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிருச்சு.

#11 கணக்குப்பிள்ளை

பாட்டி வசனம் நல்லாருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஃபிஸ்க் யுனிவர்சிட்டிய ஏன் சொல்லல? கறுப்பின மாணவர்களுக்குன்னு தொடங்கின பழைய யுனிவர்சிட்டி, 1949-ல ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் குடுத்த 101 படைப்பு கையில, ஆனா அதைப் பாதுகாக்கறதுக்கே காசில்ல. விக்கக் கூடாது பிரிக்கக் கூடாதுன்னு நிபந்தனை வேற. வருஷக்கணக்கா கோர்ட்டு. கடைசில 2012-ல பாதிப் பங்கை 30 மில்லியன் டாலருக்கு கிரிஸ்டல் பிரிட்ஜஸ் மியூசியத்துக்குக் குடுத்து, ரெண்டு வருஷம் இங்க ரெண்டு வருஷம் அங்கன்னு முடிச்சாங்க. பணக்கார யுனிவர்சிட்டி கொள்கை பேசலாம். இல்லாதவன் என்ன பண்ணுவான்?

#12 வண்டல்

இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஃபிஸ்க் பண்ணினதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

#13 சுவரும் ஆணியும்

விக்கறதா வெக்கறதான்னு பேசற ரெண்டு பேரும், படத்தை என்ன பண்றோம்ங்கறதை விட்டுட்டீங்க. அண்டர்கிரவுண்டுல தூங்குதுன்னா தப்பு விக்காததுல இல்ல, எழுப்பாததுல.

ஒஹையோல ஓபர்லின் காலேஜ்ல 1940-லேருந்து ஒரு வழக்கம், மியூசியத்துலேருந்து மாணவர்கள் நெஜமான படத்தை ஒரு செமஸ்டருக்கு ஹாஸ்டல் ரூமுக்கு எடுத்துட்டுப் போகலாம், படத்துக்கு 5 டாலர். பிக்காசோ பிரின்ட் எல்லாம் அதுல இருக்கு. அதுக்காக முந்தின ராத்திரியே மியூசியம் வாசல்ல டென்ட் போட்டுப் படுத்துருவாங்க. அமெரிக்க எம்ஐடிலயும் லிஸ்ட் சென்டர்ங்கற அவங்க ஆர்ட் கேலரில 600-க்கு மேல ஃபிரேம் போட்ட படைப்பு வெச்சிருக்காங்க, குலுக்கல்ல பேர் விழுந்தா ஒரு வருஷத்துக்கு உங்க ரூம்ல. கேம்பிரிட்ஜ்ல ஜிம் ஈட்னு ஒருத்தர் தன் வீட்டையே மத்தியானத்துல மாணவர்களுக்குத் தொறந்து வெச்சாரு, 1966-ல வீடு, படம், கல்லு, நாற்காலி எல்லாத்தையும் யுனிவர்சிட்டிக்கே குடுத்துட்டாரு, கெட்டில்ஸ் யார்டுன்னு இப்பவும் இருக்கு. அவரும் படத்தை மாணவர்களுக்கு எடுத்துட்டுப் போகக் குடுத்தவர்தான்.

எதிர்க்கட்சி கதையும் நானே சொல்லிர்றேன், இல்லன்னா கணக்கு சார் சொல்லுவாரு. ஹார்வர்டுக்கு மார்க் ராத்கோ அஞ்சு பெரிய ஓவியம் வரைஞ்சு குடுத்தாரு, 1964-ல ஒரு கட்டடத்தோட மேல் மாடி டைனிங் ஹால்ல மாட்டினாங்க. பெரிய ஜன்னல், நல்ல வெயில். அவர் கலந்த சிவப்புல லித்தால் ரெட்னு ஒரு சாயம், வெளிச்சத்துக்குத் தாங்காது. சிவப்பு வெளுத்து 1979-ல கழட்டி உள்ள வெச்சுட்டாங்க. 2014-ல என்ன பண்ணாங்க தெரியுமா, படத்து மேல ஒரு பொட்டு பெயின்ட் வெக்காம, எங்கெங்க எவ்வளவு நிறம் போயிருக்கோ அதுக்குத் தக்க வெளிச்சத்தை ப்ரொஜெக்டர்ல விட்டாங்க. பழைய நிறம் திரும்ப வந்துச்சு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ப்ரொஜெக்டரை அணைப்பாங்க, அந்த நிமிஷம் நிறம் போறதைப் பாக்கறதுக்குன்னே ஜனங்க நிப்பாங்களாம். பேப்பர்ல வரைஞ்சதுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கற அளவு) மேல வெளிச்சம் வேண்டாம்னு நாங்க ஏன் இருட்டுல உக்காந்திருக்கோம்னு கேக்கறவங்களுக்கு நான் இந்தக் கதையத்தான் சொல்லுவேன்.

#14 மூணாம் பெஞ்ச்

தூங்கற படம், வெளுத்த படம் எல்லாம் சரி. 2023-ல சியோல்ல ஒரு யுனிவர்சிட்டி பையன் சுவத்துல டேப் போட்டு ஒட்டின வாழைப்பழத்தை, மவுரிசியோ கட்டெலான் படைப்பு அது, உரிச்சுத் தின்னுட்டு தோலைத் திரும்ப அதே டேப்ல ஒட்டிட்டுப் போனானே, கேட்டதுக்கு காலைல சாப்பிடல பசிச்சுதுன்னான். மியூசியமும் கேஸ் எல்லாம் போடாம இன்னொரு பழத்தை ஒட்டிருச்சு. கலெக்‌ஷனை எழுப்பறதுன்னா அதான்.

#15 டாக்டர் தூக்கமில்லை

ஆணி அண்ணே, வெளுத்துப் போனதுன்னு ஒதுக்கினதை வெளிச்சத்தால திரும்பக் கொண்டாந்தது... ட்யூட்டி ரூம்ல உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். எங்க கேம்பஸ் கேலரி சாயங்காலம் அஞ்சுக்கு மூடிடறாங்க, ஞாயித்துக்கெழமை லீவு. கிளாஸ் முடியறதும் அஞ்சுக்குத்தான். யாருக்காகன்னு கேட்டா அந்த நேரப் பலகையே பதில் சொல்லிரும்.

#16 வண்டல்

டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு. எதைக் காட்டணும்னு முடிவு பண்ற கியூரேட்டர் எத்தனை பேர் வந்தாலும் இந்த டைமிங்கை மாத்த ஆள் இல்ல.

ஒதுங்கியவன் தம்பிக்கு ஒண்ணு. சால் லூவிட்னு ஒரு ஆர்ட்டிஸ்ட், 1968-லேருந்து சுவத்துல வரையற படைப்பு செஞ்சாரு, ஆனா அவர் குடுக்கறது குறிப்பு மட்டும்தான், இங்கேருந்து இங்க கோடு போடு, இந்த நிறம்னு, வரையறது வேற ஆளுங்க. 2008-ல யேல் யுனிவர்சிட்டி கேலரியும் வில்லியம்ஸ் காலேஜும் மாஸ் மோக்காங்கற சமகால கலை மியூசியமும் சேந்து 105 சுவர் ஓவியம் வரைஞ்சாங்க, அறுபதுக்கு மேல ஆளுங்க, அதுல மாணவர்கள் நெறைய, ஆறு மாசம் பென்சில் சீவியே கை வீங்கியிருக்கும். அவர் அதுக்கு முந்தின வருஷமே போயிட்டாரு. அப்ப படைப்பு எங்க இருக்கு, குறிப்புலயா கையிலயா? உங்க டக் கேள்வியும் அந்தக் குடும்பம்தான். மெயில் போட்டீங்களா?

#17 மழைக்கு ஒதுங்கியவன்

லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும், செமஸ்டர். நடந்ததை அப்படியே சொல்றேன்.

ஆணி அண்ணே சொன்ன மாதிரி மெயில் போட்டேன், வலது கோடி, ஒரு சுத்துக்கு ஒரு டக், அரை மணி நேரத்துக்கு வித்தியாசமில்லன்னு. மூணு நாள் பதில் இல்ல. நாலாவது நாள் கேலரிலேருந்து ஒரு மேடம் போன் பண்ணி வர முடியுமான்னாங்க. போனேன். படைப்பு வந்து எறங்கினப்ப எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க, அதுல டக் இல்ல! ஷோ தொடங்கி எப்பவோ வந்திருக்கு, யாரும் கவனிக்கல, அந்த காவல் பொண்ணு உட்பட. அந்தப் பொண்ணும் பக்கத்துலதான் நின்னாங்க, என்னைப் பாத்து சிரிச்சாங்க.

ஆர்ட்டிஸ்ட் வேற ஊர்ல, அவங்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பிட்டுக் காத்திருந்தோம். இதுக்கு நடுவுல நான் தெனமும் ஒரு தடவை போய்ப் பாக்க ஆரம்பிச்சுட்டேன், போகப் போகத்தான் தெரிஞ்சுது, டக்னு சத்தம் வர்ற அதே நேரத்துக்கு நூல் மறு கோடில ஒரு வினாடி அசையாம நிக்கும், அப்புறம்தான் விழும். சத்தம் இல்லன்னா அதை நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்.

ஒம்போது நாள் கழிச்சு பதில் வந்துச்சு. "அந்த சத்தம் என்னுது இல்ல. ஆனா ஷோ முடியற வரைக்கும் விட்டுருங்க. முடிஞ்சதும் மாத்திருங்க, கழட்டின கியரைத் தூக்கிப் போடாம எனக்கு அனுப்புங்க." அவ்வளவுதான். போன சனிக்கிழமை ஷோ முடிஞ்சுது. திங்கக்கிழமை கேலரில டேபிள் மேல வெள்ளைத் துணி விரிச்சு, கையுறை மாட்டி, நான்தான் கழட்டினேன். நைலான் கியர், ஒரு பல்லு பாதி ஒடஞ்சிருக்கு, அதே ஒண்ணுதான். மேடம் அதை ஒரு சின்னப் பாக்கெட்டுல போட்டு, தேதி, படைப்போட பேர், என் பேர் எழுதி ஒட்டினாங்க. அடுத்த ஷோ மாட்டறதுக்கு ஆள் வேணும், வர்றியான்னு கேட்டாங்க. வர்றேன்னுட்டேன்.

லேத் இன்னும் ஓடல.

#18 மூணாம் பெஞ்ச்

ஒடஞ்ச பல்லுக்கு லேபிள். எங்க வார்டன் பாத்தா மயக்கம் போட்டுருவாரு.

#19 கணக்குப்பிள்ளை

நல்லாருக்கு தம்பி, நெஜமாவே. ஒரே ஒரு கேள்வி ஆணி சாருக்கு. அந்தப் பாக்கெட்டை அனுப்பறாங்கல்ல, அதுக்கும் இன்சூரன்ஸ் எடுப்பாங்களா?

#20 சுவரும் ஆணியும்

எடுப்பாங்க.